நான்கு சுவருக்குள் ஒரு கொட்டகை

திருவண்ணாமலை செங்கம் சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் அவலூர்பேட்டை சாலையிலும் நீண்டுகொண்டே போகிறது. புதிதாக எழும்பும் வீடுகளில் மாடியில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடையில்தான் தொடங்குகிறது. எத்தனை வாட், எத்தனை இன்ச், எந்தக் கம்பெனி என்று விசாரிக்கிறார்கள். அறையின் நீளம், அகலம், உயரம் என்ன, தரையில் என்ன போட்டிருக்கிறது, ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, விளக்கு எங்கே தொங்குகிறது என்ற விசாரிப்பு அங்கே எழுவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ச் சிமெண்ட் வீடுகளில் படத்தின் ஒலியையும் ஒளியையும் தீர்மானிப்பது அறைதான். செலவில் மூன்றில் ஒரு பங்காவது அறைக்கு ஒதுக்காதவர் மீதி இரண்டு பங்கில் வாங்கிய கருவியின் முழுப் பலனை ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. நம் சிற்றூர்கள் படம் பார்த்துப் பழகியது டூரிங் டாக்கீஸில். மேலே கீற்று, கீழே மணல், பக்கங்கள் பாதி திறப்பு, நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம். ஒலிபெருக்கி சாதாரணமானதுதான். ஆனால் கீற்றும் மணலும் மனித உடம்பும் ஒலியை உறிஞ்சக்கூடியவை, திறந்த பக்கமோ போன ஒலியைத் திருப்பி அனுப்பாது. அதனால் வசனம் ஒன்றோடொன்று குழம்பாமல் காதுக்கு வந்தது. இன்று அதைவிடப் பல மடங்கு நல்ல ஸ்பீக்கரை டைல்ஸ் தரையும் பட்டி பார்த்த சுவரும் உள்ள அறையில் வைத்துவிட்டு, வசனம் புரியவில்லை என்று சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறோம்.

திரையரங்கு ஒலி இதற்கிடையே வெகுதூரம் வந்துவிட்டது. 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியமைப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி’ முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸில் வந்தது. ஹாலிவுட்டிலேயே அந்த முறை அதே ஆண்டு ஜூனில்தான் ‘பிரேவ்’ படத்தோடு அறிமுகமாகியிருந்தது. 2013இல் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டியில் வந்தது. 2014இல் அட்மாஸ் வீட்டுக் கருவிகளுக்குள்ளும் நுழைந்தது. ஒலிக்கலவை செய்பவர் இந்தப் படங்களையெல்லாம் எதிரொலி அடக்கப்பட்ட, வெளிச்சத்தம் நுழையாத அறையில் உட்கார்ந்து கேட்டுத்தான் முடிக்கிறார். அந்த அறையின் அமைதியில் கால்வாசியாவது நம் அறைக்கு வந்தால்தான் அவர் வைத்தது நமக்குக் கேட்கும்.

அளவிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் அறை என்றால் பத்துக்குப் பத்து. கூரை உயரமும் பத்தடி. குடியிருக்க வசதியான இந்த அளவு, தாழ்ந்த ஒலிகளுக்கு மிகக் கெடுதலானது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலி நின்று அதிரும்; எந்த அதிர்வெண்ணில் என்பதை அந்த இடைவெளி தீர்மானிக்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் மூன்று அதிர்வும் ஒரே இடத்தில் குவியும். பாட்டில் அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் அறை ‘கும்’மென்று முழங்கும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். எவ்வளவு விலை கொடுத்து சப்வூஃபர் வாங்கினாலும் இதே கதைதான். பத்துக்கு இருபது என்று நீட்டினாலும் முழுத் தப்பிப்பு இல்லை, ஏனென்றால் இருபதடியின் 28 ஹெர்ட்ஸ் இரட்டித்தால் மறுபடி 56 வருகிறது. பன்னிரண்டுக்குப் பதினைந்து, உயரம் பத்து என்றால் 47, 37, 56 என்று மூன்றும் விலகி நிற்கும். வீடு இன்னும் வரைபடத்தில் இருக்கிறதென்றால், ஒரு சுவரை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்வதுதான் ஹோம் தியேட்டருக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பெரிய உதவி.

அடுத்தது எதிரொலி. புதிதாகப் பூசி முடித்து, சாமான் எதுவும் வராத அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் ‘டப்’பென்று முடியாது. ‘டர்ர்ர்’ என்று ஒரு வால் நீளும். எதிரெதிர்ச் சுவர்கள் அந்தச் சத்தத்தைப் பந்தாடுகின்றன. படத்தில் ஒரு பாத்திரம் பேசும் ஒவ்வொரு எழுத்துக்கும் இதே வால் முளைக்கும், முந்தின எழுத்தின் வால் பிந்தின எழுத்தை மூடும்.

இதைக் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அவர் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவரச் செய்து, நள்ளிரவுக்குப் பிறகு ஊர் அடங்கிய நேரத்தில் ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். மீட்டர் கணக்கில் அறையின் கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும் என்ற சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதுதான் முதல் கணக்கு.

நம் பன்னிரண்டுக்குப் பதினைந்து அறைக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். கன அளவு 51 கன மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கு உறிஞ்சினால் பெரிது. எனவே காலி அறையில் ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். படம் பார்க்க அது அரை விநாடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு முழுமையாக உறிஞ்சும் பரப்பு 170 முதல் 220 சதுர அடி வரை தேவை. மலைக்க வேண்டாம். துணி உறை போட்ட சோபாவும் நான்கு பேரும் சேர்ந்து நாற்பது சதுர அடிக்குச் சமம். பின்சுவர் முழுக்க, சுவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட கனத்த திரைச்சீலை அறுபது. அடியில் விரிப்போடு ஒரு நல்ல கார்ப்பெட் இருபத்தைந்து, முப்பது. மீதிக்குச் சுவரில் உறிஞ்சு பலகைகள் ஓர் அறுபது சதுர அடி.

பலகை என்று கடையில் விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஊர்த் தச்சரிடம் நான்கடிக்கு இரண்டடி அளவில், இரண்டு இன்ச் ஆழத்துக்கு மரச்சட்டம் அடிக்கச் சொல்லி, உள்ளே கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகையை வைத்துத் துணியால் போர்த்தினால் போதும். துணியைத் தேர்வு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. துணியை வாயோடு சேர்த்து வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்சின் மூச்சை விடாது, ஆகவே ரெக்சின் போர்த்திய பலகை சுவருக்குச் சமம். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு இன்ச் தள்ளி மாட்டினால் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். ராக்வூலைக் கையாளும்போது மூக்கில் துணியும் கையில் உறையும் வேண்டும், அந்த நார் அரிக்கும். இலவம் பஞ்சும் ஒலியை நன்றாக உறிஞ்சும். ஆனால் சட்டென்று தீப்பற்றும் பொருள் அது. வயரும் விளக்கும் ஓடும் சுவரில் அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முட்டை அட்டையும் தெர்மோகோலும் பற்றிய நம்பிக்கையை விட்டுவிடலாம். முட்டை அட்டை மெல்லியது, உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் சிதறடிக்கும். எளிதில் எரியவும் செய்யும். தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை, காற்று நுழையாது, ஒலியும் நுழையாது. ஜமக்காளமும் பாயும் கீச்சொலியை மட்டும் மட்டுப்படுத்தும். அவற்றை மட்டும் நம்பினால் அறை மந்தமாகவும் முழக்கமாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடும். தாழ்ந்த ஒலிக்குக் கனம் வேண்டும். மூலைகளில் ஓரடி கனத்துக்கு மேல் அடைத்தால்தான் அது அடங்கத் தொடங்கும். நம் வீடுகளின் பரண் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. கதவு போடாத பரணில் பழைய மெத்தையும் தலையணையும் திணித்து வைத்த அறை, காலிப் பரணுள்ள அறையைவிட நன்றாக ஒலிக்கும்.

பலகைகளை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டு முதலில் உங்கள் காதுக்குத் தெறிக்கிறது. முதல் பலகை அங்கே.

ஸ்பீக்கர் வைப்பில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. முன் இரண்டும் உட்காருமிடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் முப்பது பாகைக்குள். நடு ஸ்பீக்கர் திரைக்குக் கீழேயோ மேலேயோ, காதை நோக்கிச் சாய்ந்து. பக்க ஸ்பீக்கர்கள் 110 பாகையில், காதுக்குச் சற்று மேலே. வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதை ஷோகேஸ் தட்டுக்குள் உள்ளே தள்ளி வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து வையுங்கள்.

சப்வூஃபரை மூலையில் போட்டுவிடுவது வழக்கம். அதைவிட நல்ல முறை ஒன்று, பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பலன் உறுதி. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முழங்காலிட்டு நகர்ந்துகொண்டே காதால் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அதுவே சப்வூஃபரின் இடம். ரிசீவரோடு வரும் மைக்கை வைத்துத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இதற்குப் பிறகுதான். அந்த மென்பொருள் முழக்கத்தைக் குறைக்கும். அறை விழுங்கிவிட்ட சுரத்தை அதனால் திருப்பித் தர முடியாது.

கூரையில் பதிக்கும் அட்மாஸ் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருந்தால் நல்லது, கடைசியில் வாங்கலாம். அதைவிட அவசரமானது கூரையில் சுற்றும் மின்விசிறி. முழு வேகத்தில் ஓடும் விசிறியின் இரைச்சலில் மெல்லிய காட்சிகளின் ஒலி முழுவதும் மூழ்கிவிடும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியை நெருங்கும் இந்த ஊரில் ஜன்னலையும் மூடி விசிறியையும் நிறுத்தினால் யாரும் உட்கார முடியாது என்பதால், ஏ.சி. இங்கே ஆடம்பரம் அல்ல, ஒலியமைப்பின் ஒரு பகுதி. உள் யூனிட்டைத் திரைச் சுவரில் மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

ஒளிக்கு வருவோம். அரங்க விளக்கைப் பற்றித் தமிழில் பேசும் பழைய சான்று ஒன்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இருக்கிறது. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அரங்கை அளந்து சொல்லும் இளங்கோ, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தியதையும் மறக்காமல் சொல்கிறார். விளக்கு எத்தனை என்பதைவிட அதன் நிழலும் ஒளியும் எங்கே விழுகின்றன என்ற கவலை அதில் தெரிகிறது. நம் அறைக்கு வேண்டியதும் அதே கவலைதான்.

நூறு இன்ச் திரையின் பரப்பு முப்பது சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. திரையரங்கில் இருக்கும் பிரகாசம் அதில் வர 475 லூமன் திரையில் விழுந்தால் போதும். கடைக்காரர் மூவாயிரம், நாலாயிரம் என்று பேசுவார். படத்துக்கேற்ற நிற அமைப்பில் பாதி குறையும், நாளாக ஆக இன்னும் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்து ஐந்நூறு லூமன் தாராளம், அறை இருட்டாக இருக்கும்வரை. ட்யூப்லைட் எரியும் அறையில் சுமார் 100 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் 275 லூமன் அளவு திரைமேலேயே விழுகிறது. அப்போது படத்தின் வெள்ளை கருப்பைவிட மூன்று மடங்கு கூடப் பிரகாசமாக இருக்காது, இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூசியதாகிவிடும். வெளிச்சத்தை ஐந்து லக்ஸாகக் குறைத்தால் அதே கருவியில் வித்தியாசம் முப்பத்தைந்து மடங்காக உயரும். கூடுதல் லூமனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஜன்னலுக்குக் கனத்த பிளாக்அவுட் துணி வாங்கிவிடலாம். மேற்கு ஜன்னல் என்றால் அதற்கு வேறு வழியே இல்லை.

சுவரின் நிறம் இன்னும் முக்கியம். திரையிலிருந்து கிளம்பும் ஒளி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரைக்கே திரும்புகிறது. திரைச் சுவரையும், அதையொட்டிய கூரையையும் பக்கச் சுவர்களையும் ஐந்தடி வரைக்கும் பளபளப்பில்லாத அடர் சாம்பல் பூசினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை போன்ற நம் ஊர் விருப்ப நிறங்கள் படத்தின் மனித முகங்களுக்கும் அந்தச் சாயலை ஏற்றிவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன் விளிம்பில் நிறம் மாறும் எல்.இ.டி. பட்டை ஓட்டும் வழக்கத்தையும் இந்த அறையில் தவிர்க்கவே சொல்வேன். அந்த ஒளி திரைக்குத்தான் போகிறது.

டி.வி. என்றால் முழு இருட்டு வேண்டாம், கண் களைக்கும். டி.வி.யின் முதுகில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பட்டையை ஒட்டி, திரையின் உச்சப் பிரகாசத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்து வைத்தால் கண்ணும் சிரமப்படாது, நிறமும் கெடாது. அறையின் மற்ற விளக்குகள் 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாக, உட்காருபவரின் முதுகுப் பக்கத்தில், சுவரை நோக்கி இருக்கட்டும். நடைபாதைக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு விளக்கு. பிரகாசத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை எல்.இ.டி.க்கு மாட்டும் பழக்கம் எலக்ட்ரீஷியன்களிடம் உண்டு. விளக்கு மினுக்கும், சீக்கிரம் போய்விடும். ‘டிம்மபிள்’ என்று போட்ட விளக்கும் அதற்கேற்ற டிம்மரும் ஒன்றாக வாங்க வேண்டும்.

அறைக்குள் ஒலியை அடக்குவதும் அறையைவிட்டு ஒலி வெளியேறாமல் தடுப்பதும் வேறு வேறு வேலைகள். மேலே சொன்ன பலகைகள் பக்கத்து வீட்டைக் காப்பாற்றாது. அதற்குக் கனமும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். இருபுறம் பூசிய ஒன்பது இன்ச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் அதில் பாதிதான் தடுக்கும். சாதாரணக் கதவு அதைவிடக் குறைவு, அடியில் விரற்கடை இடைவெளி இருந்தால் கதவே இல்லாதது போல. ஆகவே ரப்பர் பட்டை ஒட்டிய கனத்த கதவு, ஜன்னலுக்குள் இரண்டாவதாக ஒரு கண்ணாடிச் சட்டம், இவைதான் முதலில்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல். தனியார் ஒலிக்கருவியின் சத்தம் வீட்டு எல்லையில் அதைவிட 5க்கு மேல் கூடக் கூடாது. சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது. அந்த அளவீடு மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலியைத் தள்ளுபடி செய்து கணக்கிடுவது. 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. மீட்டர் சரி என்று காட்டும்போதே பக்கத்து வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருக்கும். சுவர் ஒட்டி வாழும் தெருக்களில் இரவு பத்துக்குப் பிறகு சப்வூஃபரை நிறுத்துவது என்று வைத்துக்கொள்வது நல்லது. ரிசீவர்களில் இரவு முறை என்று ஒன்று இருக்கிறது, மெல்லிய வசனத்தை உயர்த்தி வெடிச்சத்தத்தை அமுக்கும். அதைப் பயன்படுத்தலாம். ரமண நகர்ப் பகுதியில் இதைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். அமைதியைத் தேடி உலகின் எங்கிருந்தோ வந்து தங்குகிறவர்கள் அங்கே அடுத்த வீட்டில் இருக்கிறார்கள்.

சத்தம் எதிர்த்திசையிலும் வரும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் பௌர்ணமி இரவு முழுக்கக் கூட்டமும் ஹாரனும் ஒலிபெருக்கி அறிவிப்பும் ஓயாது. கார்த்திகை தீபத்தின்போது சொல்லவே வேண்டாம். அன்றைக்கு மைக் வைத்து ஒலியைச் சரிசெய்தால் அளவு தப்பாகும். சபைன் செய்தது போல ஊர் அடங்கிய ஒரு சாதாரண இரவைத் தேர்ந்தெடுங்கள்.

மின்சாரத்தில் இரண்டு செய்தி போதும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் மின்தடையின்போது ஆம்ப்ளிஃபையர் இரையும். சைன் வேவ் வாங்குங்கள். ஸ்பீக்கரில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று கேட்டால் பெரும்பாலும் கேபிள் டி.வி. இணைப்பு வழியாக வரும் எர்த் கோளாறுதான். அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் உயிருக்கு ஆபத்து.

செலவை எப்படி அடுக்குவது? முதலில் திரைச்சீலை, கார்ப்பெட், சுவர் நிறம், ஏழெட்டுப் பலகைகள், நல்லதாக இரண்டே இரண்டு முன் ஸ்பீக்கர்கள். மலிவான ஐந்தைவிட நல்ல இரண்டு மேல். அடுத்து நடு ஸ்பீக்கர். பிறகு சப்வூஃபர், பக்க ஸ்பீக்கர்கள். கூரை ஸ்பீக்கர் கடைசி. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் உரிய குழாய்களைச் சுவர் பூசுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஸ்பீக்கர் வயருக்கும் மின்வயருக்கும் தனித்தனியாக, ஓரடியாவது விலக்கி. புரொஜெக்டர் தொங்கப்போகும் இடத்துக்கு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை நுழையும் அகலத்தில் ஒரு பெரிய குழாய். ஒவ்வொரு குழாயிலும் ஓர் இழுவைக் கம்பியை விட்டு வைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பூச்சுக்குப் பிறகு சொன்னால் உளி எடுத்துத்தான் வருவார்.